சிவப்புப் பட்டன்

அந்த யூகேஜி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் ஒரு பட்டன் மின்னும். சந்தோஷமென்றால் பச்சை, அழுகை வந்தால் நீலம், கோபமென்றால் சிவப்பு. சிவப்பு எரியும் பிள்ளையிடம் ஐந்து நிமிடம் யாரும் போகக் கூடாது என்பது விதி.

அன்றுதான் புதிதாகச் சேர்ந்திருந்த தன்ஷிகாவின் பட்டன் பிரேயர் முடிந்ததும் சிவப்பானது. பிள்ளைகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஐந்து நிமிடம் கழித்தும் நிறம் மாறவில்லை.

"கோபத்த விட்டுடு கண்ணு, மெதுவா மூச்சு விடு" என்றார் பிரமிளா மிஸ், தூரத்திலிருந்தே. தன்ஷிகா உதட்டை இன்னும் இறுக்கிக் கடித்தாள்.

தள்ளிப் போனவர்களில் ஒருத்தியான ஜெசிந்தா பட்டனைப் பார்க்கவில்லை. தன்ஷிகாவின் பின்னிக்கொண்ட கால்களைப் பார்த்தாள். எழுந்து நேராக அவளிடம் போனாள்.

"ஜெசிந்தா, சிவப்பு எரியுது பாரு!"

"அது கோபம் இல்ல மிஸ். அவளுக்கு ஒண்ணுக்கு வருது."

தன்ஷிகா வேகமாகத் தலையாட்டினாள். இருவரும் கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது பட்டன் பச்சையாக இருந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார் மிஸ்.

"நான் சேர்ந்த அன்னைக்கு எனக்கும் சிவப்புதான் மிஸ். யாருமே வரல. உக்காந்த இடத்துலயே போயிட்டேன்."

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. ஜெசிந்தாவுக்குக் கோபம் அதிகம் என்று அன்று டைரியில் எழுதி அனுப்பியவர் அவர்தான்.

"இனிமே சிவப்பு எரிஞ்சா கிட்ட போய் என்னன்னு கேக்கணும். சரியா?"

அடுத்த நொடியே வகுப்பு முழுவதும் தன்ஷிகாவைச் சூழ்ந்துகொண்டது.

"இப்ப உனக்கு என்ன வருது?"

"சிரிப்பு வருது" என்றாள் தன்ஷிகா.