படம் தெரியாதவர்களுக்கு

முதல் வரிசை நடு நாற்காலியில் மேலாளர், கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிறார். அவருக்கு வலப்புறம் டைப்பிஸ்ட், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். இடப்புறம் தபால் பிரிவு எழுத்தர், நோட்டில் எழுதுகிறார். கதவோரம் டெலிபோன் ஆபரேட்டர், கறுப்புக் கண்ணாடியோடு. பலகை அருகே பயிற்சி தர வந்த பெண்.

தபால் பிரிவு எழுத்தர் அந்த வகுப்பின் புகைப்படத்துக்கு எழுதிய விவரம் இது.

வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொடுத்த பெண், ஒவ்வொரு படத்தோடும் இப்படி நாலு வரி மறைவாக எழுதி வைக்கச் சொல்லியிருந்தாள். திரையில் தெரியாது. பார்வை இல்லாதவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டும்.

"யாரும்மா இதையெல்லாம் படிக்கப் போறா? 'படம்'னு போட்டுட்டுப் போங்க" என்றார் மேலாளர், கண் விழித்த பிறகு.

டைப்பிஸ்ட் அப்படியே போட்டாள். எழுத்தருக்குக் கை வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு படிவத்திலும் அவர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை. இல்லாததை எழுதியதும் இல்லை.

வலைப்பக்கமும் அவருக்குக் கடிதம் மாதிரிதான் பட்டது. தலைப்பு மேலே, விஷயம் நடுவே, அனுப்புகிறவர் விலாசம் அடியில். திறந்த நிரல் குறியை மறக்காமல் மூட வேண்டும், அவ்வளவுதான். டைப்பிஸ்ட்டின் பக்கத்திலோ எழுத்துகள் பறந்தன, பூ உதிர்ந்தது.

மாதக் கடைசியில் தபால் பிரிவை மூடுகிறார்கள். எழுத்தர், டைப்பிஸ்ட் இருவரில் யார் பக்கம் தேறுகிறதோ அவருக்கு இணையதளப் பிரிவில் இடம். மற்றவர் இரண்டு பஸ் மாறிக் கிடங்குக்குப் போக வேண்டியதுதான்.

பயிற்சி தந்த பெண் சொன்னபடி மேலாளர் பார்வையில்லாத ஆபரேட்டரைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிக் கேட்கச் சொன்னார். டைப்பிஸ்ட்டின் பக்கம் அவரிடம் "படம், படம், படம்" என்றது. எழுத்தரின் பக்கம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நேர்ல பார்த்த மாதிரியே இருக்கு சார்."

எழுத்தர் திரையில் படத்தை மறுபடி பார்த்தார். படத்தில் மேலாளர் ஆழ்ந்த யோசனையில் இருப்பது போலத்தான் தெரியும். மேலாளரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த படம்.

அவரிடம் சொல்லிவிட்டால் கிடங்கு. சத்தமில்லாமல் மாற்றி எழுதலாம். ஆனால் தூங்காதவரையா தூங்கினார் என்று எழுதினோம்?

மேலாளர் உச்சி குளிர்ந்துபோனார். பக்கத்தைப் பென் டிரைவில் போட்டுப் பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பச் சொன்னார். கூடவே ஒரு கடிதம். "விவரங்கள் அனைத்தையும் நானே வரிக்கு வரி சரிபார்த்தேன்" என்று அவரே வாசகம் சொன்னார். தட்டச்சாகி வந்ததும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

எழுத்தர் இரண்டையும் உறைக்குள் வைத்து, 'தலைவர், இணையதளப் பிரிவு' என்று முகவரி எழுதினார். யாருக்கு என்று கேட்டுக்கொண்டே ஆபரேட்டர் சுவரைத் தடவி வந்தார். எழுத்தர் சொன்னார்.

"அவரா? ஃபோன்ல பேசியிருக்கேன். அவரும் என்னை மாதிரிதான்க்கா, காதாலதான் படிப்பார்."

பசைக்குச்சி உறைமேல் ஒரு நிமிஷம் நின்றது.

பிறகு எழுத்தர் மடிப்பை ஒட்டி, ஓரம் முழுக்க நகத்தால் அழுத்தித் தேய்த்து, மாலைத் தபாலில் சேர்த்தார்.