டோபின் அறைக் கதவு

“கதவையே கழட்டிட்டாளாம். சரியான வேலை. ஜெயில்ல இருந்து வந்தவனை வேற எப்படி வெச்சுக்கறது?”

பக்கத்துப் பண்ணை வெர்லீன், உருளைக்கிழங்கு சாலட்டை மேசையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள். சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் பண்ணைக்காரி ஆர்டித்துக்கு உதவ வந்திருந்தார்கள். வேலையாள் தங்கும் அறை பட்டிக்கு நேர் எதிரே இருந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு பழைய கம்பளி தொங்கியது. வயோமிங் மாநிலத்துக் காற்று அதை நிமிஷத்துக்கு ஒரு தரம் விலக்கி, உள்ளே இருந்த கட்டிலை எல்லோருக்கும் காட்டியது.

கட்டில் டோபினுடையது. அடுத்தவர் மாடுகளை வண்டியில் ஏற்றி விற்றதற்காக ஐந்து வருஷம் சிறையில் இருந்தவன். மூன்று வாரம் முன்புதான் இங்கே வேலைக்குச் சேர்ந்தான்.

“ஆள் இருக்கானா, மாட்டோட கிளம்பிட்டானான்னு எட்டிப் பார்க்க வசதி,” என்றார் வெர்லீனின் கணவர் ஆரின்.

“இவளும் லேசுப்பட்டவ இல்ல. சித்தப்பா விட்டுட்டுப் போன பண்ணைன்னு நெப்ராஸ்காவுல இருந்து வந்து நாலு வருஷமாச்சு. வந்த வாரமே வீட்டு உள்கதவை எல்லாம் பெயிண்ட் அடிக்கணும்னு கழட்டினா. இன்னிக்கு வரைக்கும் மாட்டல. அவ்வளவு சோம்பேறி,” என்றாள் வெர்லீன்.

“கழட்டறதுல மட்டும் சுறுசுறுப்பு,” என்றார் ஆரின். பிறகு பட்டியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “என்ன தம்பி, தினம் சவரமெல்லாம் பலமா இருக்கு! கன்னுக்குட்டி பார்த்து மயங்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். கன்றின் பின்னங்காலைப் பிடித்திருந்த டோபின் தலையைத் தூக்கவில்லை. சூட்டுக்கோலுடன் எதிரே நின்ற ஆர்டித் அடுத்த கன்றைக் கொண்டுவரச் சொன்னாள்.

சவரம் உண்மைதான். ஆர்டித் வேலிக்கருகே காபி கொண்டுவந்து, அவனோடு நின்று குடித்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்த பழக்கம் அது.

ஆனால் இந்த வாரம் எல்லாம் தப்பாகப் போயிற்று.

திங்கட்கிழமை மாடுகளை ஓட்டி வந்தார்கள். முன்னால் போகிறவன் பட்டிக் கதவைத் திறந்துவிட வேண்டும். முன்னால் போனவன் டோபின். கதவருகே குதிரையை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தான். பின்னால் வந்த நூற்றிருபது மாடுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நாலு பக்கமும் சிதறின. திரும்பச் சேர்ப்பதற்குள் மதியமாகிவிட்டது.

“ஏன் திறக்கல?” என்று ஆர்டித் கேட்டாள்.

“தெரியல மேடம்.”

செவ்வாய்க்கிழமை காலை அவன் வேலைக்கு வர நேரமாயிற்று. அன்று மதியம் ஆர்டித் திருப்புளியோடு வந்து அவன் அறைக் கதவைக் கழற்றி, தோளில் தூக்கிக்கொண்டு போனாள். காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எதற்கு என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பியதும் டோபின் பையைக் கட்டினான். வேலையை விட்டால் பரோல் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். பத்து நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் மறுபடி உள்ளே போக வேண்டியதுதான். மாடு திருடியவனுக்கு இந்தப் பக்கம் யார் வேலை கொடுப்பார்கள்? எல்லாம் யோசித்தான். இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டான்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் “உள்ள வா” என்று ஆர்டித் கூப்பிடுவாள். அவன் வாசலிலேயே நின்று தட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். இன்று அவள் வீட்டு வாசல் கதவு திறந்து கிடந்தது. கோபத்தில் நேராக உள்ளே நடந்தான்.

ஆர்டித் சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“நான் கிளம்பறேன் மேடம்.”

“எங்க?”

“எங்கயாவது. மாடு திருடினேன், ஒத்துக்கறேன். அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சாச்சு. என் கட்டிலை ஊரே பார்க்கணுமா? நம்பிக்கை இல்லைன்னா முதல் நாளே சொல்லியிருக்கலாமே.”

அவள் கையைத் துடைத்தாள்.

“செவ்வாய்க்கிழமை உன்னை எழுப்ப வந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தேன். பூட்ஸ் போட்டு, தொப்பி வெச்சு, மூடின கதவுக்கு முன்னால நின்னுட்டிருந்த. பூட்டே இல்லாத கதவு.”

அவன் பையைக் கீழே வைத்தான்.

“யாராவது வந்து திறப்பாங்கன்னு நின்ன. திங்கட்கிழமையும் அதான்.”

“அஞ்சு வருஷம் ஒரு கதவையும் நானாத் தொட்டதில்ல மேடம். கதவைப் பார்த்தா கால் தானா நின்னுடுது. என் அறைக் கதவைத் திறந்தே வெச்சிருப்பேன், அன்னிக்குக் காத்துல சாத்திக்கிச்சு. ஆனா இது உங்களுக்கு எப்படி…”

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு இல்லை. படுக்கையறைக்கும் இல்லை. நிலைகளில் கீல்கள் மட்டும் இருந்தன. பெயிண்ட் டப்பா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

“பெயிண்ட் அடிக்கன்னு சொன்னாங்களே…”

“அது வெர்லீனுக்குச் சொன்னது. உன்கிட்ட அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருக்கணும். தைரியம் வரல.”

ஆர்டித் இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றி, ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“உனக்கு அஞ்சு வருஷம். எனக்கு ஏழு.”