போய்வரும் தேதி

மறைந்த உறுப்பினர்களின் வீட்டுக்குச் சரிபார்ப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். ஆனால் ஓய்வூதியர் சங்கத்துக் கணினியிடம் ‘இறந்த தேதி’ என்று எத்தனை தடவை கேட்டாலும், அந்தப் பெயரில் நெடுவரிசையே இல்லை என்று முகத்திலடித்தாற்போல் சொன்னது. சங்க எழுத்தர் பொற்கொடி, உறுப்பினர் அட்டவணையை உருவாக்கிய வேதநாயகிக்குப் போன் போட்டாள்.

“அந்த வார்த்தையை நான் எப்படிடி தட்டுவேன்? புள்ளகுட்டி உள்ளவ நான். ‘போய்வரும் தேதி’ன்னு கேளு, கொடுக்கும்.”

கேட்டாள், கொடுத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் அதே தலைப்போடு அச்சாகித் தபாலில் போய்விட்டன.

வியாழக்கிழமை ஓர் அம்மாள் கடிதத்தோடு வந்து நின்றார். “பாப்பா, எங்க வீட்டுக்காரரு போயிட்டு வருவாருன்னு போட்டிருக்கீங்களே! ஆறு வருஷமாத்தான் நிம்மதியா தூங்குறேன். மொதல்ல அந்தத் தேதிய அழி.”

“அழிச்சா அவர் உயிரோட இருக்கறவங்க பட்டியல்ல சேந்துடுவாரும்மா.”

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப அது இருக்கட்டும். பக்கத்துல ஒரு கட்டம் போட்டு, ‘மெதுவா வந்தா போதும்’னு எழுதிடு.”