பீச் மரத்து எழுத்து

'ஒபதையா இங்கே கரடியைக் கொன்றான்.'

பட்டையில் இப்படிச் செதுக்கியிருந்த, கென்டக்கி முழுக்கத் தெரிந்த பீச் மரம் அது. நாளை எங்கள் ஊர்ப் படை சண்டைக்குக் கிளம்புகிறது. தலைவனைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் அதன் அடியில் கூடியிருந்தோம். என் தம்பி ஏசாவும் அந்தப் படையில் போகிறான்.

தலைமுடியில் எண்ணெயாகத் தடவிய கரடிக் கொழுப்பு வழிய நடுவில் நின்றார் என் புருஷன் ஒபதையா. அந்த நாற்றத்துக்கு நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"கையில வெறும் கத்திதான்! குடலை உருவிப் போட்டேன்!"

"நீங்கதான் தலைவர் மாமா!" என்றான் ஏசா. "ஆமா, எழுத்து ஏன் அவ்வளவு உசரத்துல இருக்கு?"

"பத்து வருஷமாச்சுல்ல மாப்ள, மரம் வளந்திருச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் காறித் துப்பினேன்.

"மரம் உச்சியிலதான்டா வளரும். கீழ செதுக்கினது கீழயேதான் இருக்கும்."

"அப்போ இது எப்படிக்கா?"

விறகு வெட்டும்போது போனதாக அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்த என் மொட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"கீழ நான் கரடியோட மல்லுக்கட்டுனேன். இந்த மனுஷன் மேல கிளையில உக்காந்து, 'செத்துருச்சா, செத்துருச்சா'ன்னு கேட்டுக்கிட்டே செதுக்குனாரு."