ஏழாவது மொச்சை

கென்யாவின் கிசுமு ஏரிக்கரையில் மீன் விற்கும் ஆறு பெண்களிடம் எச்.ஐ.வி. ஆய்வாளர் அவூர் கேட்டாள்:

"புருஷன்கிட்ட ஆணுறை போடச் சொல்லப் பயமா? பயம்னா கறுப்பு மொச்சை, இல்லேன்னா வெள்ளை. திரைக்குப் பின்னால பானை இருக்கு. யார் எதைப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது."

எப்படியென்று முதலில் தானே உள்ளே போய்வந்து காட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போய்வந்தார்கள்.

பானையைக் கவிழ்த்தால் ஏழு மொச்சை. ஏழும் கறுப்பு.

"ரெண்டு போட்டவ எவடி? உனக்கென்ன ரெண்டு புருஷனா?" என்றாள் மீன்காரி அகோத். கரையே சிரித்தது.

அவூர் சிரிக்கவில்லை. "ஒண்ணு தப்பா விழுந்திருக்கு, தள்ளிடலாம்" என்று அவசரமாக ஒன்றை எடுத்தாள்.

எடுத்த விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைப் பார்த்த அகோத், குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல உள்ளே போய்வந்தது நீங்கதானே, டாக்டரம்மா? அதையும் சேர்த்தே எழுதிக்குங்க."