இரண்டாம் தையல்

"எண்ணெய் வேணாம் டாக்டர். திரும்பவும் அறுத்துத் தைச்சிருங்க."

ஜெசிந்தா இப்படிச் சொன்னதும் எனக்குச் சுர்ருனு கோவம் வந்துச்சு.

நான் தேசம்மா. மைலாப்பூர் லஸ்ஸாண்ட டாக்டர் ஸ்ரீனிவாசராகவன் டிஸ்பென்சரில காயத்துக்குக் கட்டுப் போடுற நர்ஸு. பன்னெண்டு வருசத்துல எத்தினியோ பிடிவாதக்காரிங்களப் பாத்துக்கீறேன். இவள மாதிரி ஒருத்தியப் பாத்ததில்ல.

பொண்ணுக்கு ஊரு தூத்துக்குடி. அந்தப் பக்கத்து வழக்கப்படி சின்ன வயசுலயே காது வளத்து, பாம்படம் மாட்டி, காது தோள் வரைக்கும் தொங்கிச்சு. பட்டணத்துல இப்ப யாருக்கு அது புடிக்கிது? ரெண்டு மாசத்துக்கு மின்ன டாக்டர் தொங்குற சதைய அறுத்து எடுத்துட்டு, கம்மல் போடுற அளவுக்குச் சின்னதா தைச்சுட்டாரு. காது நல்லாத்தான் ஆச்சு. ஆனா தையல் போட்ட எடம் ரெண்டு பக்கமும் மண்புழு கணக்கா தடிச்சுக்கினு நின்னுச்சு.

அதுக்குத்தான் டாக்டர் மூணு வழி சொன்னாரு.

"தெனமும் எண்ணெய் போட்டு அமுக்கித் தேய்ச்சா மெதுவா அமுங்கும். ஒரு வருஷம் ஆகும். காஸ்டிக் மருந்து வெச்சுத் தழும்பைச் சுட்டுண்டே வந்தா மூணு மாசம். நன்னா எரியும். இல்லேன்னா தழும்பையே அறுத்தெடுத்துட்டுப் புதுசா தைக்கணும். பத்து நாள்ல கட்டைப் பிரிச்சுடலாம். ஆனா வலி ஜாஸ்தி. மறுபடி தடிக்காதுன்னு நான் சத்தியமும் பண்ண மாட்டேன்."

பக்கத்துல அவ புருசன் வேதநாயகம் நின்னுக்கினு இருந்தாரு. பீச்சாண்ட வெள்ளைக்காரன் கம்பெனில பெரிய உத்தியோகம். கோட்டு, டை எல்லாம் போட்டுக்கினு ஜோரா இருப்பாரு.

"பாவம் டாக்டர், போன தடவையே துடிச்சுப் போயிட்டா. எண்ணெயே போதும். மெதுவா ஆறட்டும்"னாரு.

தங்கமான மனுசன்! வரும்போதெல்லாம் அவளுக்குக் கமலாப்பழம் வாங்கியாருவாரு. எனக்கும்தான் ஒருத்தன் வாச்சான். நான் கையை ஒடச்சிக்கினு வந்து நின்னப்ப, "சோறாக்கிட்டியா?"ன்னு கேட்டவன்.

டாக்டர் அவ பக்கம் திரும்பினாரு. "காது உன்னோடதும்மா. நீ சொல்லு."

"அறுத்துருங்க."

புருசன் பெருமூச்சு வுட்டுட்டு ஆபீஸுக்குக் கெளம்பிட்டாரு. அவரு தலை மறைஞ்சதும் நான் அவளப் புடிச்சிக்கினேன்.

"இன்னாம்மா நீ? கட்டினவரு அவ்ளோ சொல்றாரு, காதுல வாங்க மாட்டேங்கிறியே. அயகுப் பைத்தியமா உனக்கு?"

"அழகுக்கு இல்லக்கா." அவ தலையைக் குனிஞ்சிக்கினா. "கல்யாணமாகி ஆறு வருசமாச்சு. அவுககூட நான் இருந்தது மொத நாப்பது நாளுதான். அப்புறம் வேலை கெடச்சு இங்க வந்துட்டாக. 'இந்தக் காதோட உன்ன எப்படி நாலு துரைசானி முன்னால நிறுத்துவேன்? சரி பண்ணிட்டுக் கூட்டிக்கிடுதேன்'னு எழுதுனாக. இப்ப, தழும்பும் போவட்டும்னு சொல்லுதாக."

"அப்ப நீ இருக்குறது எங்க?"

"சாந்தோம்ல சிஸ்டர்மாரு மடத்துல. மாம்பலத்துல அவுக புது வீட்ட நான் இன்னும் பாக்கவே இல்ல."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவ பக்கத்துல குந்தினேன்.

"மடத்துல நல்லாத்தான் பாத்துக்கிடுதாக. ஆனா எங்கூட உக்காந்து பேச ஒரு ஆளு கெடையாதுக்கா. சாயங்காலமானா ஜன்னல்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருப்பேன். இன்னும் ஒரு வருசம் என்னால அப்படி நிக்க முடியாது."

மனசு கேக்கல. "போவட்டும் வுடும்மா. ஆம்பளைங்க கவுரவம் பாப்பாங்க. ஆசை இல்லாங்காட்டி பழம் வாங்கியாருவாரா?"ன்னு தேத்தினேன்.

மரத்துப்போற ஊசி போட்டும் அந்தத் தடிச்ச சதைல சரியா ஏறல. கத்தி பட்டதும் எங்கையப் புடிச்சுக்கினா. "மாதாவே, மாதாவே"ன்னு முணுமுணுத்தாளே ஒழிய ஒரு சத்தம் போடல. எங்கைல அவ நகம் பதிஞ்ச எடம் கன்னிப்போச்சு.

அப்புறம் தெனமும் கட்டு மாத்த வருவா. "சரியாவுதாக்கா?"ன்னு ஒரே கேள்விதான். நானும் தெனமும் மாதாவ வேண்டிக்கினேன்.

பத்தாம் நாளு பாத்தா, தகரப்பெட்டியும் பாயுமா வந்து நிக்கிறா!

"இன்னாம்மா இது?"

"மடத்துல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்க்கா. இன்னிக்கு அவுககூடவே போயிருவேன்ல்லா?"

கட்டைப் பிரிச்சோம். மயிரிழை மாதிரி ஒரு கோடு, அவ்ளோதான். "பேஷ்!"னு டாக்டரே கையைத் தட்டினாரு. நான் கண்ணாடிய எடுத்து நீட்டினேன். அவ இந்தக் காதைப் பாத்தா, அந்தக் காதைப் பாத்தா, பொலபொலன்னு அழுதுட்டா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

அப்பதான் வேதநாயகம் உள்ள வந்தாரு.

"பாருங்க நைனா, எங்கயாவது தழும்பு தெரியுதா?"ன்னு நான் பெருமையா அவளை வெளிச்சத்துல திருப்பிக் காட்டினேன்.

அவரு மூக்குக்கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கினாரு. வலது காதைப் பாத்தாரு. எடது காதைப் பாத்தாரு. வெரலால தடவிக்கூடப் பாத்தாரு. அப்புறம் வாசலாண்ட இருந்த தகரப்பெட்டியப் பாத்தாரு.

ஜெசிந்தா மூச்சு வுடாம அவரு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா.

"ரொம்ப நல்லா வந்திருக்கு டாக்டர்"னாரு, சாந்தமா. "ஆனா இவளுக்கு முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் எடுப்பா இருக்கு பாருங்க. அதச் சரி பண்ண நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?"