முதல் மூடை

"உங்கட மாமா எண்ணுற வண்டியில மட்டும் எப்பிடித் தங்கச்சி ஒரு மூடை காணாமப் போகுது?"

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ரஜீவன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருக்கும் அந்தச் சீனிக் களஞ்சியத்துக்கு சனூஸாதான் இருப்புக்குப் பொறுப்பு. வாசலில் நின்று மூடை எண்ணுகிற ஹிஸ்புல்லாவோ அவள் புருஷனின் வாப்பா.

"மாமா அப்பிடிப்பட்ட ஆளில்லை சேர்" என்றாள். சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

எல்லாம் புது மென்பொருள் வந்த பிறகு தொடங்கிய வினை. எண்ணுபவர் காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, மூடை ஏற ஏற எண்ணைச் சொன்னால் போதும். எண் என்று ஒன்று காதில் விழுந்தால் அது ஒரு மூடையைக் கூட்டிக்கொள்ளும், கடைசியில் பில்லையும் தானே அடித்துவிடும். இருமல், ஏச்சு, காகம் கத்துவது எல்லாம் வெறும் சத்தமென்று தள்ளிவிடும்.

சென்னையில் எழுதிய மென்பொருள் என்பதால் இந்தப் பக்கத்து 'ஒண்டு'ம் 'மூண்டு'ம் முதலில் அதற்கு விளங்கவில்லை. வாத்தியார் மகள் அல்லவா, சனூஸாவே முன்னால் உட்கார்ந்து ஒண்டிலிருந்து நூறுவரை அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். கொழும்பிலிருந்து பாராட்டுக்கூட வந்தது. அந்தப் பெருமை அடுத்த இருப்புச் சோதனை வரைக்கும்தான் நின்றது.

திரை சொன்னதைவிடக் களஞ்சியத்தில் சீனி குறைவாக இருந்தது. இரண்டு வாசல், வாசலுக்கு ஓர் அடுக்கு. லோஜினி எண்ணுகிற வாசலின் அடுக்கு அச்சொட்டாகச் சரி. மாமாவின் அடுக்கில் மட்டும், ஏற்றிய வண்டிக்கு ஒன்று என்று மூடைகள் குறைந்திருந்தன.

போதாக்குறைக்குக் கடைக்காரர்கள் வேறு. வண்டி கொள்ளுமட்டும் ஏற்றிக்கொண்டு வருகிற பில்லைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள், லோஜினியின் வாசல் சும்மா கிடந்தாலும் மாமாவின் வாசலில்தான் வரிசை கட்டினார்கள். அதிலும் மூதூர்க் கடைக்காரர் றஊப், வெயில் மண்டையைப் பிளந்தாலும் டிராக்டரை நகர்த்த மாட்டார். கேட்டால், ஹிஸ்புல்லா நானா எண்ணினால்தான் பரக்கத்து, சாமானில் பெருக்கம் வரும் என்பார்.

ஊரான கிண்ணியாவில் மாமாவை நோக்கி விரல் நீட்ட ஆள் கிடையாது. முன்பு நெல் வாங்கி விற்றவர். இன்றைக்கும் பிஸ்மில்லாவும் லாபமும் சொல்லாமல் ஒரு வண்டியையும் தொடங்க மாட்டார். அப்படிப்பட்டவரா றஊப்போடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார்? கமெராப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புருஷனிடம் வாய் திறக்கவும் பயமாக இருந்தது.

அன்று காலை மாமா சுபஹுத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, வெட்கத்தை விட்டு, குசினியில் சீனி டின்னைக்கூடத் திறந்து பார்த்தாள். அடியில் இரண்டு கரண்டிச் சீனிதான் கிடந்தது. தான் செய்கிற காரியத்தை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

ரஜீவன் எழுந்தார். "நான் பக்கத்தில நிண்டு பார்க்கிறன். களவு எண்டா பொலிசுக்குத்தான் குடுக்க வேணும், குறை நினைக்காதேங்கோ."

வாசலில் றஊப்பின் டிராக்டர்தான் நின்றது. ரஜீவன் முறையைச் சொன்னார்: ஒவ்வொரு மூடை ஏறியதும் நிறுத்த வேண்டும், டிராக்டர்ப் பெட்டியையும் திரையையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. மாமா தலையாட்டி மைக்கைச் சரிசெய்துகொண்டார். திரையைக் கையில் பிடித்து நின்ற மருமகளைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தார். அவளால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

முதல் மூடை தோளில் வந்தது. மாமா வழக்கம்போலப் பிஸ்மில்லாவும் லாபமும் சொல்லி அதைத் தொட்டு அனுப்பினார். பெட்டிக்குள் தொப்பென்று விழுந்ததும் ரஜீவன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

பெட்டியில் மூடை கிடந்தது. திரையில் பூச்சியம் நின்றது.

சனூஸா திரையைத் தட்டிப் பார்த்தாள், பூச்சியம் மாறவில்லை. அப்படியானால் இதுதானா சங்கதி? முதல் மூடையைச் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டு, இரண்டாவதிலிருந்து எண்ணுவதா? இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? றஊப் தொப்பியை எடுத்துத் தட்டிவிட்டுக் கடல் பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

ரஜீவனின் குரல் தணிந்திருந்தது. "என்ர கண்ணுக்கு முன்னாலயே செய்யிறீங்கள். ஏன் ஐயா முதல் மூடையை எண்ணாம விட்டனீங்கள்?"

மாமா அவரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கேள்விதான் விளங்கவில்லை.

"எண்ணினன்தானே தம்பி. ஏவாரத்தில ஒண்டுக்கு லாபம் எண்டுதானே சொல்லுற?"